கோட்டம்

சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் பிந்திப் போன நாட்கள் உண்டு. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்கு ஒரு நூல் தள்ளி சாக்பீஸைப் பிடிப்பார் கடைக்காரர். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பியை அரைத் திருகு இறுக்குவார். மறுபடி சுழற்றுவார். அந்த ஈர்க்குச்சிக் கம்பிகள் ஒரு மூட்டை அரிசியை எப்படித் தாங்குகின்றன? எல்லாம் இழுத்துப் பிடித்து நிற்பதால்தான். அவற்றை ஹப்பிலிருந்து நேராக விடாமல் சாய்த்துக் குறுக்கே பின்னும் முறை 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கோவென்ட்ரியில் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் எல்லாம் மரம். 1817இல் மான்ஹைமில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிய வண்டிக்குப் பெடலே கிடையாது. உட்கார்ந்தபடி தரையைக் காலால் உந்த வேண்டும். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அது ஐந்தடி வரை வளர்ந்தது. கல் தட்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். காசுள்ள வாலிபர்களின் வீம்பு அது. அதில் ஒரு பால்கேனைக்கூடத் தொங்கவிட முடியாது.

பால்கேன் என்றதும் மறுபடி அந்தக் கடைதான். கேரியரின் இருபுறமும் கேன் தொங்குவதால் பால்காரரின் பின்சக்கரம் அடிக்கடி கோட்டத்துக்கு வரும். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளில் ஏறும். இப்படிச் சுமை ஏற்றத் தோதான, பின்சக்கரத்துக்குச் செயின் போட்ட ரோவர் வண்டியை 1885இல் செய்தவர் ஜேம்ஸின் அண்ணன் மகனோ தம்பி மகனோ, ஜான் கெம்ப் ஸ்டார்லி. பல்சக்கரம் வேகத்தைப் பார்த்துக்கொண்டதால் ராட்சசச் சக்கரத்துக்கு வேலை போயிற்று. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப், மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்று டயர் மாட்டினார். பெரிய கண்டுபிடிப்புகள் அதோடு சரி என்பேன். மிச்சத்தைச் செய்தவர்கள் தெருமுனை வெல்டர்கள். சாணை பிடிப்பவரைப் பாருங்கள்: ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கல்லுக்கு மாட்டி மிதிப்பார். வண்டி அங்குலம் நகராது, அரிவாள் தீட்டப்படும்.

வண்டியைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டவர்களில் பெண்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த ஆண்கள் வண்டியையே பலர் ஓட்டினார்கள். அதில் ஒரு வசதி, பார்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம், கேரியர் தண்ணீர்க் குடத்துக்கு.