இராவுத்தரின் இரவு ஓட்டம்

மணப்பாறை என்றதும் வெளியூர் அன்பர்கள் முறுக்கைக் கேட்பார்கள். சற்று வயது முதிர்ந்தவர்கள் மாட்டைக் கேட்பார்கள். முறுக்குக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்து விட்டது. மாட்டுக்கு அப்படி ஒரு முத்திரை தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்தால் சந்தைக்கு மாடுகள் வந்து சேரத் தொடங்கும். விடிய விடிய வரும். அந்தச் செவ்வாய் இரவுகளில் ஒன்றுதான் நம்மை ஏழாண்டுக் காலம் இருட்டில் வண்டி தொடாதவராக ஆக்கிற்று. அதிலிருந்து நம்மை மீட்டது எது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். கார்ப் பந்தயம்!

2012-ஆம் ஆண்டு. திண்டுக்கல்லில் ஒரு நிக்காஹ் முடிந்து, விருந்துண்டு, இஷா தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். உடன் நம் இல்லத்தரசி. பின்னிருக்கையில் உறங்கும் மகள். வையம்பட்டியைத் தாண்டிய பின் எதிரே வந்த பேருந்து விளக்கைத் தணிக்காமல் கண்ணில் அடித்துக்கொண்டு போயிற்று. அந்த வெளிச்சம் கடந்ததும் வந்த இருட்டில் இரண்டு கண்கள் மின்னின. மாட்டுக் கண்கள். ஒரு முதியவர் நான்கு மாடுகளை நடத்தியே ஓட்டி வந்து கொண்டிருந்தார், கையில் விளக்கில்லை.

நாம் பிரேக்கை முழு வலுவோடு மிதித்தோம். அதே கணத்தில் ஸ்டியரிங்கையும் ஒடித்தோம். சக்கரங்கள் நேராக வழுக்கிச் சென்றனவே அன்றித் திரும்பவில்லை. ஓர் எருதின் பின்னங்கால் முறிந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றது. இல்லத்தரசிக்குத் தோள்பட்டை எலும்பு விலகிற்று. மகளுக்கு அல்லாஹ்வின் கிருபையால் ஒன்றுமில்லை.

அந்த முதியவர் நம்மைத் திட்டவில்லை. சாலை ஓரத்தில் எருதின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாய், நாளைக்கு இதைக் குடுத்துத்தான் பேத்திக்குத் தோடு வாங்கணும்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். மாட்டின் விலையைக் கொடுத்தோம். தோட்டுக்கும் சேர்த்தே கொடுத்தோம். பணத்தைக் கைநீட்டி வாங்கும்போதும் அவர் மாட்டைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்.

அதன் பின் மஃரிபு பாங்கு ஒலித்தால் நம் வண்டிச் சாவி ஆணியில் ஏறிவிடும். யாரும் காரணம் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. பகலில் திருச்சி, கரூர் எங்கும் ஓட்டுவோம். திரும்பப் பொழுது போய்விடும் என்றால் பேருந்து. கண் பார்வை மங்கல் என்று ஒரு சாக்கும் கைவசம் இருந்தது. மருத்துவரோ கண்ணில் குறையில்லை என்றே சொல்லியிருந்தார்.

2017-இல் ஒரு நள்ளிரவு. அம்மாவுக்கு நெஞ்சு வலி. வாசலில் நம் கார் நிற்கிறது. நாம் தெருவில் இறங்கி, மூன்றாம் வீட்டுப் பையனைத் தட்டி எழுப்புகிறோம். திருச்சி வரையிலும் அவன் ஓட்ட, நாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தோம். அம்மா பிழைத்துக் கொண்டார்கள். ஆனால் போகிற வழியில், வலிக்கு நடுவே, அவர்கள் சொன்ன ஒரு சொல் நமக்குள் தங்கிவிட்டது. "உங்க அத்தா ராவுலதான் நல்லா ஓட்டுவாக."

நம் அத்தா லாரி ஓட்டியவர்கள். சென்னைக்குச் சரக்கேற்றிச் சென்று மறுநாள் விடியலில் வீட்டு வாசலில் நிற்பார்கள். அதற்கு முந்திய தலைமுறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரன் என்பதுதானே பொருள்! குதிரை போய், லாரி போய், வாரிசு கையில் வந்து சேர்ந்த 796 சி.சி. மாருதி 800, சூரியன் இறங்கியதும் படுத்துக் கொண்டது.

நம் தமக்கை மகன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு தொழிற்கூடத்தில் பணி புரிகிறான். அவனுக்கு ஆட்டோகிராஸ் என்னும் ஒரு பித்து. 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஊருக்கு வந்தவன், "மாமா, அடுத்த மாசம் ராத்திரி ஓட்டம் ஒண்ணு இருக்கு. உங்க பேரையும் குடுத்துட்டேன்" என்றான். நாம் கோபித்தோம். அவனோ அம்மாவின் பக்கம் திரும்பி, "நன்னி, நீங்க சொல்லுங்க" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாயிற்று.

ஆட்டோகிராஸ் என்பது என்னவென்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. பந்தயம் என்றதும் பத்து வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு பறப்பது நம் நினைவுக்கு வரும். இது அப்படியன்று. ஒரு திறந்த திடலில் கூம்புகளையோ பழைய டயர்களையோ நட்டு வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டி. எதிராளி கடிகாரம் ஒன்றே. கூம்பைத் தட்டினால் ஓட்டக் கணக்கில் சில நொடிகள் கூடும். பாதை தவறினால் அந்த ஓட்டமே செல்லாது. வீட்டில் நிற்கும் சாதாரணக் காரையே கொண்டு போகலாம். அமெரிக்காவில் இதைத் தார் போட்ட வண்டி நிறுத்துமிடங்களில் நடத்துகிறார்கள், இங்கிலாந்தில் புல்வெளியில், நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரையில். அகலமான திருப்பங்கள் இல்லாமையால் இரண்டாம் கியருக்கு மேல் பலருக்கு வேலையே இராது.

ஊரில் செய்தி பரவிற்று. பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர், "பந்தயம் சூதாயிற்றே, தம்பி" என்றார். நியாயமான கேள்விதான். ஹஜ்ரத்திடமே கேட்டோம். அவர்கள் நம்மிடம் திருப்பிக் கேட்ட முதற் கேள்வி, "ஓட்டுகிறவர்கள் பணம் போட்டு, ஜெயித்தவர் அதை எடுத்துக் கொள்கிறாரா?" என்பது. இல்லை, நுழைவுக் கட்டணம் திடலுக்கும் ஏற்பாட்டுக்கும் போகிறது, வென்றவருக்கு ஒரு கோப்பையும் சான்றிதழும் என்றோம். பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியதையும், பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தூரமும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரமும் வகுத்ததையும், அப்போட்டியில் இப்னு உமர் (ரலி) கலந்து கொண்டதையும் புகாரியில் உள்ளபடி எடுத்துச் சொன்னார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கள் குறுகிய தூரத்துக்குப் போங்கள்" என்றார்கள். நாம் பயிற்சி பெறாத குதிரை என்பது ஹஜ்ரத்துக்கும் தெரிந்திருந்தது!

தமிழ்நாட்டுக்கு இந்த மோகம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கிடந்தது. அங்கே ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களுக்குச் சனம் திரண்டதை அத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்த பின் சோழவரம் ஓய்ந்தது. கோயம்புத்தூரிலோ கரிவரதன் என்ற பெருமகன், மாருதி காரின் எஞ்சினையே வைத்து, குறைந்த செலவில் பந்தய வண்டி செய்து இளைஞர் கையில் கொடுத்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர். நம் சமுதாயத்திலும் சென்னை அக்பர் இப்ராஹிம் பந்தய வீரராகப் பெயர் பெற்று, பின்னர் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் மகன் அர்மானும் அத்துறையில் நின்றவர். இவர்களையெல்லாம் சொல்வது நம்மை அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள அன்று. நாம் போய்ச் சேர்ந்த திடலில் இவர்கள் யாரும் இல்லை. ஒரு பல் மருத்துவர், இரண்டு மாணவர்கள், ஒரு கறிக்கடைக்காரர், ஒரு வங்கி ஊழியரின் மனைவி, இப்படிப்பட்டவர்களே இருந்தார்கள்.

கோயம்புத்தூரின் புறத்தே ஒரு பொட்டல். நான்கு மூலையிலும் கம்பத்தில் விளக்கு, ஜெனரேட்டரின் இரைச்சல். முதலில் வண்டியைச் சோதித்தார்கள். இருக்கை வார், பேட்டரியின் பிடிமானம், பிரேக்கு, டயர் எல்லாம் பார்த்தபின், வண்டிக்குள் உருளக்கூடிய பொருள் ஒன்றும் இருக்கலாகாது என்றார்கள். தண்ணீர்ப் போத்தல், குடை, இல்லத்தரசி வழிக்குக் கட்டித் தந்த முறுக்குப் பொட்டலம் அனைத்தும் வெளியேறின. தலைக்கவசம் மாட்டினார்கள். தொப்பி வைத்துப் பழகிய தலைக்கு அது ஒரு பாரமே.

பின்னர்ப் பாதையை நடந்து பார்க்கச் சொன்னார்கள். இந்த வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தது. ஓட்டுமுன் ஒவ்வொருவரும் முழுப் பாதையையும் காலால் அளந்து, எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு என்று மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 600 மீட்டர். தமக்கை மகன் உடன் நடந்தான். "மாமா, கூம்பைப் பார்க்காதீங்க. பார்த்த இடத்துக்குத்தான் வண்டி போகும். போக வேண்டிய வழியைப் பாருங்க" என்றான். சிறிது தூரம் சென்றபின், "பிரேக்கை நேரா இருக்கையிலேயே முடிச்சிடுங்க. திரும்பும்போது மிதிக்காதீங்க" என்றான்.

நாம் நின்றுவிட்டோம். ஏன் என்று கேட்டோம். பொறியியல் படித்தவன் தரையில் குச்சியால் வரைந்து காட்டினான். தரையைப் பற்றுவதற்கு ஒரு டயருக்கு உள்ள வலு ஓர் அளவுக்குட்பட்டது. நிறுத்தவும் அதுவே, திருப்பவும் அதுவே. நிறுத்துவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சமிராது. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை எப்பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரே வழுக்கும். அவ்வாறு பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற ஏற்பாடு நம் மாருதிக்குக் கிடையாது. 2019 ஏப்ரல் முதல்தான் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. அவன் சொல்லிக்கொண்டே போனான். நாம் வையம்பட்டிச் சாலையில் நின்று கொண்டிருந்தோம். ஏழாண்டுகளாக நம் கண்ணையும் கைவிதியையும் குறை கூறிக் கொண்டிருந்தோமே, நடந்தது இவ்வளவு எளிய காரியமா? கற்றுக்கொள்ளக் கூடிய ஒன்றா? உரிமம் வழங்கியபோது எட்டுப் போடச் சொன்னார்களே தவிர, இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

முதல் ஓட்டம் வெட்கக் கேடு. பச்சைக் கொடி அசைந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. மீண்டும் கிளப்பினோம். முந்திய வண்டி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கியிருக்கவில்லை. பழக்க தோஷத்தில் விளக்கை உயர்த்தவும், எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நின்றது. தணித்த பின்தான் தரை தெரிந்தது. மூன்றாவது வளைவில் ஒரு கூம்பு நம் விளக்கொளியில் மின்ன, நம் கால் நம்மைக் கேளாமலே பிரேக்கை முழுதும் மிதித்தது. கையும் ஒடித்தது. வண்டி அதே பழைய வழுக்கலில் நேரே சென்று கூம்புகளைச் சாய்த்தது. பள்ளமில்லை, எருதில்லை, அலறலில்லை. ஒரு பையன் ஓடி வந்து கூம்புகளை நிமிர்த்திவிட்டுக் கையசைத்தான். ஒரு நிமிடம் 21 நொடி. மூன்று கூம்புகளுக்குத் தலா 5 நொடி வீதம் 15.

இறங்கியபோது நம் கைகள் நடுங்கின. அது அச்சமா என்று நமக்கே ஐயமாயிருந்தது. ஒரு தவற்றைச் செய்துவிட்டு, எவருக்கும் ஊறு நேராமல், அதை மறுபடி செய்து பார்க்க வாய்ப்புக் கிடைப்பது எத்தகைய பாக்கியம்!

இரண்டாம் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஒரு மூலையில் துண்டை விரித்து இஷாவை முடித்தோம். கறிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார், இருவர் ஜமாஅத் ஆயிற்று. மீண்டும் வண்டியில் ஏறினோம். மூன்றாவது வளைவுக்கு முன்பே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே மிதித்தோம், காலை எடுத்தோம், பிறகு திருப்பினோம். சின்னஞ்சிறு மாருதி, சொன்ன பேச்சைக் கேட்கும் கன்று போலத் திரும்பிற்று. ஒரு நிமிடம் 14 நொடி, ஒரு கூம்பு. தமக்கை மகன் 58 நொடியில் முடித்தான். நம் பிரிவில் 17 பேரில் நாம் 15-ஆவது. நமக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவர் பாதை தவறியவர் என்பதையும் மறைப்பானேன்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில், ஒளி வெள்ளத்தில், ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மின்னல்தான். ஆனால் அவ்வளவு வெளிச்சத்தை இரவு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

பொட்டலில் ஓடி வந்ததற்கு மறுமாதம் திண்டுக்கல்லில் மீண்டும் ஒரு நிக்காஹ். அதுவும் செவ்வாய்க்கிழமை. பேருந்துக்கு நேரம் பார்க்கச் சொன்ன இல்லத்தரசியிடம், நாமே ஓட்டுவதாகச் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். ஏதும் பேசாமல் முன்னிருக்கையில் அமர்ந்து வாரை மாட்டிக் கொண்டார். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் கவனித்தோம்.

திரும்புகையில் மணி பத்தைத் தாண்டிற்று. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. எண்பதில் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். தணித்த விளக்கு காட்டும் தூரம் இரண்டு நொடியில் தீர்ந்து போகும் என்று இப்போது தெரியும். எதிர் வண்டி வந்தபோதெல்லாம் அதன் விளக்கைப் பாராமல் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தோம். வையம்பட்டி தாண்டிற்று. அந்த இடத்தில் இல்லத்தரசியின் உதடுகள் ஓதிக் கொண்டிருந்தன.

தொலைவில் ஓரிடத்தில் ஒரு கைவிளக்கு ஆடியது. நேராக இருக்கும்போதே மிதித்தோம். வண்டி அடங்கி நின்றது. விளக்கைத் தணித்தோம். ஆறு மாடுகள். ஓட்டி வந்தவர் இளைஞர். வெளிச்சத்துக்குக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். கடைசி மாடு மட்டும் நம் வண்டியின் முன்னால் நின்று முகர்ந்து பார்த்தது.

"நல்ல ஜாதி மாடுதான்" என்றார் இல்லத்தரசி. பிறகு பையிலிருந்து முறுக்கை எடுத்து நம் கையில் ஒன்று கொடுத்தார். மாடு நகரும் வரை தின்று கொண்டிருந்தோம்.