அபாயம் இல்லை, அபாய்!

மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘அபாயம்’ என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ‘ம்’மைக் கழற்றிவிட்டு ‘ய’ தலையில் ஒரு புள்ளி வையுங்கள். அபாய். கசக் மொழியில் இதற்கு ‘ஜாக்கிரதையானவன், யோசித்து நடப்பவன்’ என்று அர்த்தமாம். ஆக, எந்த மொழியில் படித்தாலும் போர்டு சொல்கிற விஷயம் ஒன்றுதான்!

இது பாட்டி வைத்த செல்லப் பெயர். நிஜப் பெயர் இப்ராஹிம். 1845-ல் சிங்கிஸ் மலையடிவாரப் புல்வெளியில் பிறந்தவர். கவிஞர், கட்டுரைக்காரர், பாட்டுக்கு மெட்டும் அவரே போடுவார். கசகஸ்தான் தனி நாடாகி 1993-ல் சொந்தமாக டெங்கே நோட்டு அடித்தபோது, 20 டெங்கே நோட்டில் இவர் முகம். மாஸ்கோவிலும் சிலை இருக்கிறது. 2012 மே மாதம் புடின் எதிர்ப்புக் கோஷ்டி அந்தச் சிலையடியில் சுமார் ஒரு வாரம் டேரா போட்டது. ‘யாருய்யா இந்த அபாய்?’ என்று பாதி மாஸ்கோ விசாரித்தது அப்போதுதான்.

சோவியத் புத்தகக் காலத்தில் ‘ஜமீலா’வைத் தமிழில் படித்து உருகிய அண்ணன்மார்களுக்கு ஐத்மாத்தவைத் தெரிந்திருக்கும். அவர் கிர்கிஸ், பக்கத்து வீடு. அபாய் அவருக்கு மூன்று தலைமுறை மூத்தவர்.

எனக்கு அபாயைப் பிடித்துப்போனது கவிதையால் இல்லை. ஒரு லைப்ரரியால். 1885-ல் ஜார்ஜ் கென்னன் என்ற அமெரிக்கர், சைபீரியாவில் நாடு கடத்தப்பட்ட கைதிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினார். வழியில் செமிபலாத்தின்ஸ்க் என்று ஊர். தூசியும் மணலுமான அந்த ஊரில் ஒரு நல்ல நூலகம்! அங்கே ஓர் அரசியல் கைதி அவரிடம் சொல்கிறார்: இங்கே ஒரு படித்த கிழவர் வருவார், பெயர் இப்ராஹிம் கொனோபாய், பக்கிள், மில், டிரேப்பர் எல்லாம் படிக்கிறார், முதல் சந்திப்பிலேயே இண்டக்‌ஷனுக்கும் டிடக்‌ஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

அந்தக் ‘கிழவர்’ நம்ம ஆள்தான். அப்போது அவருக்கு வயது 40. (நாற்பதை நெருங்குகிற வாசகர்கள் இந்த வரியைத் தாண்டிவிடலாம். நான் தாண்டிவிட்டேன்.)

மில் என்றால் ஜான் ஸ்டூவர்ட் மில். பி.காம்.மில் எக்கனாமிக்ஸ் பேப்பருக்காக அந்தப் பெயரை நெட்டுருப் போட்டு, பரீட்சை ஹால் வாசலிலேயே மறந்தவன் நான். இந்த மனிதரோ ரஷ்யப் பள்ளிக்கூடம் போனது மொத்தம் மூன்று மாதம். பதிமூன்று வயதில் அப்பா குனன்பாய் பையனைப் படிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா பெரிய இடம், சுல்தான் பதவியில் இருந்தவர். மகன் பஞ்சாயத்து பேசி, வழக்குத் தீர்த்து, குலத்தை ஆளப் பழக வேண்டாமா? பையனும் பழகினான். ரஷ்ய மொழியைப் பெரியவனான பிறகு தானாகவே படித்தான். கைகொடுத்தது மிகாயெலிஸ் போன்ற நாடு கடத்தப்பட்டவர்களின் சிநேகம். ஜார் அரசாங்கம் தண்டனை என்று நினைத்து அனுப்பிய ஆட்கள் அபாய்க்கு டியூஷன் வாத்தியார்கள் ஆனார்கள்!

கவிதை? ரகசியமாக எழுதினார். எழுதியதைத் தன் இளைய சிநேகிதர் கோக்பாய் பெயரில் வெளியே விட்டார். கசக் புல்வெளியில் பாட்டுக்காரர் என்றால் பணக்காரர் வீட்டு வாசலில் புகழ்ந்து பாடி, குதிரையோ ஆடோ பரிசு வாங்கிப் போகிறவர் என்று ஒரு நினைப்பு. சுல்தான் மகன் அதைச் செய்யலாமா, கௌரவம் என்ன ஆவது! ஆபீஸில் லெட்ஜருக்கு அடியில் நோட்டை ஒளித்து, புனைபெயரில் கவிதை அனுப்புகிறவர்கள் நம்மிடையே இல்லையா? அதே கேஸ்தான். 1886-ல், 41 வயதில், கோடையைப் பற்றி எழுதிய ஒரு கவிதையோடுதான் ‘இது என்னுடையது’ என்று தைரியமாக முன்னால் வந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. ரஷ்ய ஆட்சியில் ‘பொலிஸ்’ என்று ஒரு வட்டாரத் தலைவர் பதவி (போலீஸ் இல்லை, பொலிஸ்). மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல். அபாயே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர், உள்குத்து அத்தனையும் அத்துப்படி. ஆடு மாட்டை எல்லாம் லஞ்சத்துக்கு விட்டுப் பதவி வாங்கி, மேலதிகாரி வந்தால் கூழைக் கும்பிடு போடுகிற ஒரு தலைவரைப் பற்றி அவர் எழுதிய நையாண்டிப் பாட்டில், நமக்குத் தெரிந்த இரண்டு மூன்று மேனேஜர்களாவது நடமாடுகிறார்கள். ‘கர சோஸ்’ என்ற 45 உரைநடைத் துண்டுகள் இருக்கின்றன. அதிலே ஓரிடத்தில் கணக்கே போட்டுக் காட்டுகிறார். பதவிக்கு வந்த முதல் வருஷம் ‘நாங்கதானே உனக்கு ஓட்டு போட்டோம்’ என்பவர்களைச் சமாளிப்பதிலும், இரண்டாம் வருஷம் எதிராளியோடு மல்லுக்கட்டுவதிலும், மூன்றாம் வருஷம் அடுத்த தேர்தலுக்கு ஆள் பிடிப்பதிலும் போய்விடுமாம். எந்த ஊர் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால், சண்டைக்கு வந்திருப்பீர்கள்.

சரி, மெட்டுக்கு வருகிறேன். எனக்கு நிஜமாகவே மலைப்பு தட்டியது இங்கேதான்.

புல்வெளியில் பிரஸ் கிடையாது. கூடாரத்தைப் பிரித்துக் கட்டி ஆடு மாடு பின்னால் போகிற ஜனம், பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. இவர்களிடம் புஷ்கினைக் கொண்டு சேர்க்க வேண்டும், எப்படி? அபாய் ‘எவ்கெனி ஒனேகின்’ காவியத்திலிருந்து தத்யானா எழுதும் காதல் கடிதத்தைக் கசக் மொழிக்குக் கொண்டுவந்தார். அதை அச்சுக்கு அனுப்பாமல் ஒரு மெட்டில் ஏற்றிவிட்டார். கையில் தோம்ப்ரா. இரண்டே தந்தி, நீளக் கழுத்து. பாடகர்கள் கற்றுக்கொண்டு கிளம்பினார்கள், கல்யாண வீடு கல்யாண வீடாகப் பாட்டு போனது. ரஷ்யப் பிரபு வீட்டுப் பெண்ணின் மனசை, ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள் ராகம் போட்டுப் பாடினார்கள். என்ன மூளை சார்!

இன்னொன்று கேளுங்கள். ஜெர்மனியில் கதே 1780-ல் மலைமேல் ஒரு மரக்குடிலின் சுவரில் எட்டு வரி கிறுக்கினார். மாலை அமைதியைப் பற்றி. அதை 1840-ல் லெர்மன்தவ் ரஷ்ய மொழியில் எழுதினார். அதை 1892-ல் அபாய் கசக் மொழியில் எழுதி மெட்டும் போட்டார். சுவரில் ஆரம்பித்தது தோம்ப்ராவில் வந்து நின்றது.

காதல் பாட்டு ஒன்றும் மிகப் பிரபலம், ‘கோஸிம்னின் கராஸி’. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம், ‘என் கண்ணின் கருமணி’. கண்மணி! நம் சினிமாக் கவிஞர்கள் இத்தனை வருஷமாக ஓட்டிய அதே வண்டி! போனில் தேடிக் கேட்டேன். பாஷை புரியவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது கூடவே முனக ஆரம்பித்தேன்.

‘கர சோஸ்’ முதல் துண்டில் ஒரு சோர்ந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். இனி என்ன செய்வது, ஊரை ஆள்வதா, மந்தையைப் பெருக்குவதா, படிப்பா, மதமா, குழந்தைகளை வளர்ப்பதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார். கடைசியில் மிச்சம் காகிதமும் மையும். பொழுது போக எழுதுகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாவிட்டால் என்னோடு இருக்கட்டும் என்கிற தோரணை.

தோரணைதான். உள்ளே ஆள் நொறுங்கிக்கொண்டிருந்தார். 1895-ல் மகன் அப்திரஹ்மான் காசநோயில் போனான். பீட்டர்ஸ்பர்க்கில் பீரங்கிப் படைப் பள்ளியில் படித்து ஆபீசரானவன், 27 வயது. அப்பா இரங்கல் பாட்டு எழுதினார், மருமகளைத் தேற்றவும் பாட்டு எழுதினார். 1898-ல் ஒரு தேர்தல் கூட்டத்தில் எதிர்க் கோஷ்டி அவரை அடித்தது. யார் திருந்த வேண்டும் என்று எழுதினாரோ, அவர்களே. 1904-ல் இன்னொரு மகன் மகாவியா, அதே காசநோய். நாற்பது நாள் கழித்து அபாயும் போய்விட்டார்.

அதுவரை அவர் பெயரில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. முர்செயித் என்பவர் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்த மாதிரிப் பிரதிகளிலிருந்துதான் மகன் துரகுலும் சகோதரர் மகன் காக்கித்தாயும் தேடித் தொகுத்து, 1909-ல் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் தொகுப்பை அச்சிட்டார்கள். அந்தப் புத்தகம் புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது, உள்ளேயிருந்த பாதிப் பாட்டை ஆடு மேய்க்கிறவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.