பாட்டன் பெயர் தெரியும், பாட்டி பெயர்?

விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் ரயிலில் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பலாப் பருவமாக இருந்தால், பண்ருட்டியில் பயணிகளோடு பழ வாசனையும் வண்டி ஏறும். கொஞ்ச தூரத்தில் நெல்லிக்குப்பம். அங்கே சர்க்கரை ஆலை. பலாவுக்கும் சர்க்கரைக்கும் நடுவே, தனக்கென்று ஒரு பெருமையும் பேசிக்கொள்ளாமல் இருக்கிற சிறிய ஊர்தான் மேல்பட்டாம்பாக்கம்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். மலையும் அருவியும் கிடையாதுதான். ஆனால் உங்கள் குடும்ப வமிசாவளியை எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? அப்படியானால் இந்த ஊரும் இதன் அக்கம்பக்கமும் நல்ல பள்ளிக்கூடம்.

முதலில் ஊரின் பெயரையே பாருங்கள். மேல்பட்டாம்பாக்கம் என்று ஒன்று இருந்தால், கீழ்ப்பட்டாம்பாக்கம் என்று ஒன்று இல்லாமல் போகுமா? இருக்கிறது. "எங்கள் பூர்வீகம் பட்டாம்பாக்கம்" என்று மட்டும் தாத்தா சொல்லிவிட்டுப் போயிருந்தால், பேரன் எந்தத் திசையில் போய்த் தேடுவான்? ஆகவே முதல் பாடம்: ஊர்ப் பெயரை முழுசாக எழுதுங்கள்.

இரண்டாவது பாடம் பெயர் மாற்றம். 1860-களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே வந்து தங்கினார். கிறிஸ்தவர்களான பிறகும் ஜாதி வேற்றுமை பாராட்டுவதை லீப்சிக் மிஷன் பொறுத்துக்கொண்டது. அது பிடிக்காமல் அதை விட்டு விலகி வந்தவர் அவர். பிறகு டென்மார்க் தேசத்து மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. ஞானஸ்நானம் பெறுகிறவர் புதுப் பெயர் வைத்துக்கொள்வது அந்நாள் வழக்கம். பேரப் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர்தான் தெரியும். பழைய பெயர் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடும்.

பக்கத்துக் கடலூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அங்கே சைவக் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம், 1718-ல் தரங்கம்பாடியில் ஆரோன் ஆனார். 1733-ல் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சுதேச குருவானார். அவருடைய பழைய பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால், அக்காலத்து மிஷனரிகள் கடிதம் கடிதமாக ஜெர்மனிக்கு எழுதித் தள்ளியதே காரணம். அந்தக் காகிதங்கள் ஹாலே நகரத்தில் பத்திரமாக இருக்கின்றன.

எல்லாருடைய பாட்டனாரையும் பற்றி ஜெர்மனிக்குக் கடிதம் போகவில்லையே! என்றாலும் லுத்தரன் திருச்சபைகளில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் பெயரோடு தாயார் பெயரும் இருக்கும். இந்தத் தாயார் பெயரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீடுகளில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். வழக்கம் அழகானது, வமிசாவளி எழுதுகிறவருக்கோ தலைவேதனை! ராமசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி கோவிந்தசாமி. பழைய கிரயப் பத்திரத்தில் "ராமசாமி குமாரர் கோவிந்தசாமி" என்று இருந்தால், அவர் எந்தக் கோவிந்தசாமி? "கோவிந்தசாமி பாரியாள் குப்பம்மாள்" என்று இன்னொரு பத்திரம் கிடைத்தால்தான் முடிச்சு அவிழும். ஆண்களின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தத் தலைமுறை என்று காட்டிக் கொடுப்பது அந்த வீட்டுக்கு வாழவந்த பெண்ணின் பெயர்.

ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வமிச விருட்சத்தில் அவளைக் காணோமே! மகள்களையும் காணோம். ஒரு கணக்குப் போடுங்கள். மூலபுருஷருக்கு இரண்டு மகன், இரண்டு மகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதேபோல் நால்வர் என்று வைத்துக்கொண்டால், நாலாவது தலைமுறையில் 256 பேர். மகன் வழி ஆண்களை மட்டும் எழுதினால் கிடைப்பது 16 பேர்! மீதி 240 பேர் எங்கே போனார்கள்? அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்ட வீடுகளில் கணக்குக் கொஞ்சம் குறையும். அப்போதும் குறைந்தது மனிதர்கள்தானே தவிர, மறதி அல்ல.

சடங்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளம். தர்ப்பணத்தில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களையும் சொல்கிறார்கள். தாய்வழிப் பாட்டன் பாட்டிமாரையும் அழைக்கிறார்கள். கப்பல்காரர்கள்கூடத் தாராளம்தான். 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. 1911 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். தென்னார்க்காட்டுக்காரர்களும் அதில் உண்டு. கப்பல் ஜாபிதாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. பெண்களுக்கும் தனி நம்பர், தனி வரி! அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் டர்பனில் இருக்கும் கொள்ளுப் பேத்திகள் இன்று பூர்வீகத்தைத் தேடுகிறார்கள்.

மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தெற்கே நெய்வேலி. 1957-ல் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்காக வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டு வேறிடம் போன குடும்பங்கள் அநேகம். அவர்கள் திரும்பிப் போய், "இதுதான் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை" என்று காட்ட முடியாது. அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. அவர்களுக்கு மிச்சம் பழைய பட்டா, பத்திரம், வீட்டுப் பெரியவளின் ஞாபகம், இவைதான். முதல் இரண்டையும் ஆபீசில் தேடலாம். மூன்றாவதற்கு நகல் கிடையாது.

சகோதரிகளே, அடுத்த விசேஷத்துக்கு உறவினர்கள் கூடும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வயதான அத்தைப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உங்கள் அம்மா பெயர் என்ன? எந்த ஊரில் பிறந்தவர்? கூடப் பிறந்த பெண்களை எங்கே கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். ஜாதிப் பெருமையும் சொத்துச் சண்டையும் அந்த நோட்டில் வேண்டாம். பெயர், ஊர், வருஷம், சொன்னது யார், இவ்வளவு போதும்.

மறக்காமல் உங்கள் பெயரையும் முழுசாக எழுதுங்கள். நூறு வருஷம் கழித்து ஒரு பேத்தி தேடிக்கொண்டு வருவாள். அவளுக்கு வெறும் 'பாட்டி' என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்தால் போதுமா?