ஆமைக் கொப்பி

கொஞ்சம் நீளமான பதிவு. கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளுக்குக் கடல் நீர்நாய் பற்றி ஒரு வீடியோ காட்டினோம். எங்கள் குளங்களிலும் ஆறுகளிலும் திரிகிற நீர்நாய்க்குச் சொந்தக்காரன்தான், ஆனால் குளிர்க் கடலில் மல்லாந்து மிதந்தபடி வயிற்றில் மட்டியை வைத்து உடைத்துத் தின்னும் பிராணி. வகுப்பே சிரித்தது. பிறகு 1989 மார்ச் 24 இல் அலாஸ்காவில் நடந்ததைச் சொன்னோம். எக்ஸான் வல்டீஸ் என்ற கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லீற்றர் மசகு எண்ணெய் கடலில் கொட்டியது.

திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. அதைக் குளிரிலிருந்து காப்பது அடர்ந்த மயிரும் அதற்குள் சிக்கி நிற்கிற காற்றும் மட்டும்தான். எண்ணெய் பட்டால் மயிர் ஒட்டிக்கொள்ளும், காற்றுப் போய்விடும், உடல் குளிர்ந்துவிடும். சுத்தமான பிராணி வேறு. உடம்பை நக்கி நக்கித் துடைக்கும், எண்ணெய் வயிற்றுக்குள் போய் ஈரலைக் கெடுக்கும். செத்தவை 2,800 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்த விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கரையைக் கழுவினார்கள், கல்லெல்லாம் பளிச்சென்று ஆனது. ஆனால் மணலுக்கடியில் எண்ணெய் தங்கிவிட்டது. தன் எடையில் ஏறக்குறைய கால்வாசியைத் தினமும் தின்ன வேண்டிய பிராணி மட்டி தேடி அதே மண்ணைத்தான் கிண்ட வேண்டும். அதனால் மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் வருடக்கணக்காகத் தொகை ஏறவே இல்லை. பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அறிவித்தது 2014 இல். கால் நூற்றாண்டு!

அப்போது பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அவங்க எண்ணிக்கிட்டே இருந்ததால தெரிஞ்சிச்சு. எங்கட ஆமைகள யாரு எண்ணுற?"

வாப்பா கடலுக்குப் போகிற பிள்ளை. 2021 ஐ அவளுக்கு விளக்கத் தேவையில்லை. மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். கப்பலின் சொந்த எரிபொருள் வேறு. சோளகக் காற்று அந்த மணிகளை வடக்கே தள்ளி எங்கள் பக்கமும் கொண்டுவந்தது. ஜவ்வரிசி என்று நினைத்து எங்கள் சின்ன மகன் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். அந்த நாட்களில் மீனைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பயணத்தடையும் சேர்ந்து, எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் சுப்ஹுக்குப் பிறகு உம்மா வீட்டுக்குப் பின்னால் கரையில் ஒரு பெரிய ஆமை கிடந்தது. நாங்கள் என்ன செய்தோம்? நாற்றம் வருமுன் ஆட்களைக் கூப்பிட்டுக் குழி வெட்டி மூடினோம். ஒரு படம் எடுக்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அந்த வருடம் 176 ஆமைகள், 20 டொல்பின்கள், 4 திமிங்கிலங்கள் இறந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. எங்கள் ஆமை அந்தக் கணக்கில் இல்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குழிதான். படித்து, பயிற்சிக் கலாசாலைக்கும் போய்வந்த எங்களுக்கே அன்று தோன்றவில்லை.

காற்றோடு ஆமை ஒதுங்குவது வழமைதானே என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். வழமை எத்தனை என்று எழுதி வைத்திருந்தால்தானே, கூடியதா குறைந்ததா என்று பேசலாம்? களப்பிலும் மன்னார் வளைகுடாவிலும் மிச்சமிருக்கிற ஆவுளியாவுக்கும் இதே கதைதான். அது கடலடிப் புல்லை மேய்கிற பிராணி. கடலடியில் என்ன தங்கினாலும் முதலில் அதன் வாய்க்குள்தான் போகும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வகுப்பில் வைத்திருக்கிறோம். திகதி, இடம், என்ன பிராணி, எவ்வளவு நீளம், காயம் உண்டா, யார் கண்டது. அவ்வளவுதான். இதுவரை மூன்று பதிவு. இரண்டு ஆமை, ஒன்று டொல்பின். டொல்பினைக் கண்டது அந்தப் பிள்ளையின் வாப்பா, கரைவலை இழுக்கும்போது. எழுதப் படிக்கத் தெரியாத மனிசன், கயிற்றால் நீளம் அளந்து முடிச்சுப் போட்டு மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கயிறும் கொப்பிக்குள் இருக்கிறது.

கரையில் ஏதாவது ஒதுங்கினால் புதைக்க முன் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கையால் தொடாமல் ஒரு படம் எடுத்து, இடத்தையும் குறிப்பிட்டு எங்களுக்கும் இன்பொக்ஸில் அனுப்புங்கள். நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை.