செம்மண் கோர்ட்

தஞ்சை மாவட்டத்தில் எங்கள் சின்ன டவுனின் தெருக்கோடியில் ஒரு புறம்போக்கு மனை கிடந்தது. பூப்பந்துக்காரர்கள் அதில் செம்மண் கொட்டிக் கோர்ட் ஆக்கியிருந்தார்கள். ஐவர் ஆட்டத்துக்கு 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். அதைச் சுற்றி வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கக் கொஞ்சம் இடம். மொத்தத் திடலே அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்கள் இப்போது நிறையப் பேர். மஞ்சள் கம்பளி நூல் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். இறகுப்பந்து போலக் காற்றுக்கு அலையாது என்பதால் கூரை வேண்டாம். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பார்கள். எங்கள் தெருவில் ஆடியவர்கள் தபால் ஆபீஸ் குமாஸ்தா, பாத்திரக்கடைக்காரர், வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதியவர், டுடோரியல் வாத்தியார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குமாஸ்தா அதை இரண்டு மூன்று சாயங்காலத்திலேயே முடித்துவிடுவார்.

பெரியவர்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். அதற்குள் தரையைத் தயார் செய்வது பையன்களான எங்கள் வேலை. எதிர்வீட்டுக் கிணற்றில் இறைத்து, குடம் குடமாகக் கொண்டுவந்து கையால் தெளிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் கால் வழுக்கும்; குறைந்தால் புழுதி கிளம்பும். ஈரம் பாதி இழுத்ததும் கல் உருளையை ஓட்டுவோம். அது கிளம்புவதற்குள் தேர் வடம் பிடித்த மாதிரி மூச்சு வாங்கும். பிறகு கயிறு கட்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் கோடு. தண்ணீர் தூக்காதவனுக்கு ஆட்டம் கிடையாது. தூக்கியவனுக்கும் இருட்டப்போகும் கடைசி ஆட்டத்தில்தான், அதுவும் ஆள் குறைந்தால், பின்வரிசையில் இடம் கிடைக்கும். அப்போதெல்லாம் ஓர் ஆட்டத்துக்கு 29 புள்ளி. பந்து கோட்டில் பட்டதா, வெளியே விழுந்ததா என்று பாத்திரக்கடைக்காரரும் வாத்தியாரும் போடும் சண்டையில் இரண்டு புள்ளி நேரம் போய்விடும்.

பெண்கள் யாரும் அங்கே ஆடியதில்லை. என் அக்கா பள்ளிக்கூட அணியில் இருந்தாள். வலையை ஒட்டி அவள் பந்தை வெட்டிப் போட்டால் எடுக்க ஆள் கிடையாது. வயது வந்ததும் அவளுடைய பேட் பரணுக்குப் போயிற்று. தம்பி ஆடுவதைத் திடல் ஓரத்தில் நின்று பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வில், இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்று இருந்தது. படித்ததும் அந்தப் பேட்தான் கண்முன் வந்தது.

கோர்ட்டை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆடியவர்கள் ரிடையர் ஆனார்கள், பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போனோம். தெளிக்க ஆளில்லாமல் தரை வெடித்து நெருஞ்சி முளைத்தது. சில வருடம் கழித்துப் போனால், பூங்கா என்ற பெயரில் பேவர் பிளாக் பதித்து, கம்பி வேலி போட்டு, உடற்பயிற்சிக் கருவிகள் நிறுத்தியிருந்தார்கள். சைக்கிள் மிதிக்கும் கருவியில் ஒரு பெடல் இல்லை. கேட்டில் பூட்டு.

ஆட்சி எதுவானாலும் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். 2006ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் வந்தது. பிறகு அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக்கூடம். 2024ல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் மறுநாள் முதல் தண்ணீர் தெளிப்பது யார் என்று திறப்பு விழா மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வார்டு கவுன்சிலர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஸ்டேடியம் வேண்டாம். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மண் தரை, ஒரு குழாய், இரண்டு விளக்கு, பூட்டாத கழிப்பறை, பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் போதும். பேவர் பிளாக் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், முழங்கால் தாங்காது.