மருந்து எவ்வளவு ஊடுருவும்? அளந்து சொல்கிறவர்கள்

மாத்திரை வயிற்றில் கரைந்தால் மட்டும் போதாது. குடல் சுவரின் செல்களைத் தாண்டி அது ரத்தத்தில் சேர வேண்டும். சேருமா, எவ்வளவு சேரும் என்பதை மனிதருக்குக் கொடுக்கும் முன்பே அளந்து பார்க்கிறார்கள். ஹைதராபாத்தை ஒட்டியுள்ள ஜீனோம் வேலியில், மருந்து நிறுவனங்களுக்குச் சோதனை செய்து தரும் ஓர் ஆய்வகத்தில் அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

செல் வளர்ப்பு அறையில் ஒரு இளம்பெண் பிப்பெட்டோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் 12 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு குட்டிக் கிண்ணம் தொங்குகிறது. கிண்ணத்தின் அடிப்பாகம் 0.4 மைக்ரான் துளைகள் உள்ள மெல்லிய சவ்வு. அதன்மேல்தான் ‘காக்கோ-2’ செல்கள் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கின்றன. கிண்ணத்தின் உட்பகுதி மேலறை, அதற்குக் கீழே உள்ள குழி கீழறை. செல்களுக்கு ஊட்டம் தரும் திரவமான மீடியத்தில் பழையதை அவர் முதலில் கீழறையிலிருந்து உறிஞ்சினார், பிறகுதான் மேலறையிலிருந்து. புதியதை ஊற்றும்போது மேலே முதலில், கீழே அப்புறம். வரிசை மாறினால் கீழிருந்து திரவம் அழுத்தி அடுக்கைத் தூக்கிவிடும் என்றார். பிப்பெட் முனை கிண்ணத்தின் பக்கச் சுவரிலேயே நின்றது. ஒருமுறைகூட சவ்வின் மீது படவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம் இதே வேலை. நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

இந்தச் செல்களின் பூர்வீகம் நியூயார்க். 72 வயது நோயாளி ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து 1970களில் ஸ்லோன்-கெட்டரிங் நிறுவனத்தில் ஜோர்ஜன் ஃபோக் பிரித்தெடுத்தார். பெருங்குடலில் பிறந்த செல், சவ்வின் மேல் 21 நாள் வளர்ந்தால் சிறுகுடல் செல்லைப் போல மாறுகிறது: நுண்விரல்கள் முளைக்கின்றன, பக்கத்துச் செல்லோடு இறுகப் பிணைகிறது. இதைக் குடல் ஊடுருவலை அளக்கும் மாதிரியாகப் பயன்படுத்தலாம் என்று 1989இல் ஹிடால்கோ, ராப், போர்ச்சார்ட் மூவரும் காட்டினார்கள். அந்த முதியவரின் செல்கள் இன்றும் உலகமெங்கும் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய கொடையாகவே தெரிகிறது.

அடுக்கு முழுமையாக இணைந்துவிட்டதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ‘டீர்’, அதாவது மின்தடை அளவு. இரு கால் கொண்ட மின்முனையில் ஒரு கால் கிண்ணத்துக்குள், மறு கால் வெளியே. மீட்டரில் 480 ஓம். செல் இல்லாத கிண்ணத்தின் 120ஐக் கழித்து, பரப்பான 1.12 சதுர சென்டிமீட்டரால் பெருக்கி, 403 என்று எழுதிக்கொண்டார். அடுத்த குழியில் மிகக் குறைவு. யோசிக்காமல் மூடியில் பெருக்கல் குறி போட்டார். அதற்குப் போட்ட மூன்று வார உழைப்பு போயிற்று.

சோதனை நாளில் மேலறையில் மருந்து, 37 டிகிரி வெப்பம், குறித்த நேரங்களில் கீழறையிலிருந்து மாதிரி. கூடவே அட்டெனலால், மெட்டோபுரலால் என்ற இரண்டு மருந்துகளும் ஒப்பீட்டுக்காக ஓடுகின்றன. மெட்டோபுரலால் செல்லின் கொழுப்புச் சவ்வை எளிதாகக் கடக்கும். அட்டெனலால் தயங்கும், விழுங்கியதில் பாதியளவுதான் உடலில் சேரும். புதிய மருந்து இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதே முதல் கேள்வி.

பிறகு திசையைத் திருப்பி, கீழிருந்து மேலே அளக்கிறார்கள். 1976இல் ஜூலியானோவும் லிங்கும் கண்டறிந்த பி-கிளைகோபுரோட்டீன் என்ற பம்ப், உள்ளே வந்த மருந்தை வந்த வழியே வெளியேற்றும். திரும்பும் வேகம் போகும் வேகத்தைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் பம்ப் மேல் சந்தேகம். வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடு ஓபியம் வகை மருந்து. வழக்கமான அளவில் அது மூளையில் சேராமல் காப்பதும் இதே பம்ப்தான். செல்லே இல்லாமல், வடிதாளில் கொழுப்பைத் தடவி அளக்கும் ‘பாம்பா’ முறையை 1998இல் ரோஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். விலை குறைவு, வேகமும் அதிகம். ஆனால் அதில் பம்ப் கிடையாது.

நன்றாகக் கரைந்து நன்றாக ஊடுருவும் மருந்தென்றால், மனிதர்களிடம் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைக்கு விலக்குக் கேட்கலாம். மருந்து ஒழுங்குமுறைகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் 2019ஆம் ஆண்டு எம்9 வழிகாட்டுதல், முறையாகச் சரிபார்த்த காக்கோ-2 முடிவுகளை அதற்கு ஏற்கிறது. தன்னார்வலர்கள் ரத்தம் கொடுக்கத் தேவையில்லாமல் போவது இந்தப் பெண் பிப்பெட்டைப் பிடிக்கும் பக்குவத்தையும் நம்பித்தான். அறிக்கையில் அவர் பெயர் எங்கோ கடைசியில் வருகிறது. முதல் பக்கத்தில் வர வேண்டிய பெயர் அது.

அன்றைய மருந்துக்கு விடை கிடைக்கவில்லை. மேலறை, கீழறை, செல் மூன்றிலும் இருந்ததைக் கூட்டினால் போட்டதில் 80 சதவீதம்கூடத் தேறவில்லை. மீதி பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு. ஒட்டுவதைக் குறைக்க, கீழறையில் அல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டலாம் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, மதியமே புதிய தட்டில் செல் விதைக்க ஆரம்பித்தார்.