தும்பறையும் நக்கிள்ஸும்

இலங்கையின் மலைநாட்டில், பன்விலவுக்கு மேலே எழும் மலைத்தொடருக்கு இரண்டு பெயர்கள். ஆங்கிலேயர் அதை நக்கிள்ஸ் என்றார்கள். மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப் போல அதன் சிகரங்கள் அவர்களுக்குத் தெரிந்தன. சிங்களத்தில் அது தும்பறைத் தொடர். தும்பறை என்றால் பனிமூட்டம் சூழ்ந்த மலை என்று பொருள் சொல்வார்கள். முதற்பெயர் வானம் வெளுத்த ஒரு நாளில் எட்ட நின்று பார்த்தவர்கள் வைத்தது. மற்றது அந்த மூட்டத்தை அன்றாடம் கண்டவர்களுடையது. டிஜிட்டல் படங்களின் கொன்ட்ராஸ்டையும் துலக்கத்தையும் கூட்டித் தரும் பிளகின் மென்பொருள்களைப் பற்றிப் பேச இந்த இரண்டு பெயர்களுமே போதும். மடுல்கலைப் பக்கத்துக் காலைப் படமொன்றைத் திறந்து, மூட்டத்தை நீக்கும் ‘டீஹேஸ்’ என்ற பொத்தானைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால், தும்பறை மெல்ல மறைந்து நக்கிள்ஸ் வந்து நிற்கும். வருவது அழகாகத்தான் இருக்கிறது. போனது படத்தில் ஒட்டிய அழுக்கா, மலையின் ஒரு பகுதியா என்ற கேள்வியை மட்டும் மென்பொருள் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் படத்துக்குரியவர்.

இந்தக் கருவிகள் செய்யும் வேலையில் மாயம் ஒன்றும் இல்லை. இருட்டறைக் காலத்திலேயே நெகட்டிவின் மங்கலான பிரதி ஒன்றை அதன்மேல் வைத்து அச்செடுத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கும் வழக்கம் இருந்தது. கணினி அதே வேலையைக் கூட்டல் கழித்தலாகச் செய்கிறது: ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுகிறது. அடோபியின் லைட்ரூமில் துலக்கத்தைக் கூட்டும் ‘கிளாரிட்டி’ 2007இல் வந்தது, ‘டீஹேஸ்’ 2015இல். போட்டோஷொப்பில் சொருகிப் பாவிக்கும் நிக் கலெக்‌ஷனை 2012இல் கூகிள் வாங்கி, 2016இல் இலவசமாக்கி, மறு வருடம் டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்கு விற்றது. ஒரு காலத்தில் தொழில்முறைக் கலைஞர்கள் காசு கொடுத்து வாங்கிய வித்தை அந்த இடைவெளியில் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஆனால் எந்தக் கருவியும் கமரா பதியாத ஒன்றைப் பதிந்ததாக்க முடியாது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். மூட்டத்துக்குள் நிற்கும் மலைச்சரிவு அவற்றில் ஒரு 40 படிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 256க்கு இழுத்து விரித்தாலும் உள்ளே இருப்பது 40தான். நடுவில் இடைவெளிகள் விழும். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். மூட்டத்தில் முளைக்கும் சதுரக் கட்டங்கள் ஜேபெக் சுருக்கத்தின் தடங்கள். மலைமுகட்டை ஒட்டி ஒளிவட்டம் போல ஓடும் வெள்ளைக் கோடோ, அந்த அக்கம்பக்க ஒப்பீட்டை மிகையாக்கியதன் விளைவு. சாமிப்படத்துக்கு ஒளிவட்டம் பொருந்தும். நக்கிள்ஸின் கொம்பனிய சிகரத்துக்கு எதற்கு?

மூட்டத்தை வெறும் குறையாகப் பார்ப்பதில் உள்ள பிசகை அதை நீக்கக் கற்றவர்களின் ஆய்வே காட்டிக் கொடுக்கிறது. கைமிங் ஹெ, ஜியான் சுன், சியாஓஉ தாங் என்ற மூவர் 2009இல் ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூட்டத்தை நீக்கும் வழியொன்றை வெளியிட்டார்கள். தெளிந்த வெளிப்புறப் படங்களில், வானத்தை விட்டுவிட்டால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது எங்கோ ஒரு புள்ளியில் ஏறக்குறைய இருண்டிருக்கும் என்பது அவர்கள் கண்டது. அந்த இருட்டு எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு மூட்டம் அங்கே இருக்கிறது. மூட்டத்தின் அளவு தெரிந்தால் தூரமும் தெரியும். ஆகவே அவர்களுடைய முறையில் தெளிந்த படத்தோடு, எது கிட்ட, எது எட்ட என்று காட்டும் ஆழவரைபடமும் உபரியாகக் கிடைத்தது. அதாவது கணினிக்கே மூட்டம் ஒரு தகவல். தகவலைப் படித்து முடித்துவிட்டு அதை அழிக்கிறது. தூரத்துப் பச்சை என்று நம் பழமொழி சொன்னாலும், பன்விலவிலிருந்து பார்க்கும்போது தூரம் நீலமும் சாம்பலுமாகத்தான் விரிகிறது. அந்தச் சாம்பலின் அடுக்குகளை எண்ணித்தான் எத்தனை முகடு தாண்டி எத்தனையாவது முகடு என்று கண் கணக்கிடுகிறது. எல்லா முகட்டையும் ஒரே கறுப்பில் கொண்டுவந்து நிறுத்தினால் மலைத்தொடர் மேடைத் திரைச்சீலையாகிவிடும்.

கண்ணுக்குத் தெரிந்த அளவு கமராவுக்குத் தெரியவில்லையே, அதைத்தானே திருத்துகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூட்டத்துக்குள் நிற்பவரின் கண் பழகிப்போய்க் கொஞ்சம் கூடுதலாகவே காணும்; அந்தக் கொஞ்சத்தை மீட்டெடுப்பது பொய்யாகாது. ஆனால் பெரும்பாலான படங்களில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கமராவின் ஒளிமானி எதிரில் உள்ளதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்ளும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கித்தான் தரும். படம் அழுக்காக, சோர்ந்துபோய்த் தெரிவது அதனால். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினாலே போதும், மூட்டம் தன் வெண்மைக்குத் திரும்பிவிடும். நோய் ஒன்று, மருந்து இன்னொன்று. போனே படத்தை ஆயிரம் வேலை செய்துதானே தருகிறது என்பாரும் உண்டு. உண்மைதான், அப்படியென்றால் பிளகின் போடுவது இரண்டாவது முறை என்பதை நினைவில் வைக்க வேண்டும். லயனல் வென்ட் செய்யாததா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1944இல் மறைந்த அந்தக் கொழும்புக் கலைஞர் இருட்டறையில் படங்களின் ஒளிநிழலைத் தலைகீழாக்கினார், ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினார். பார்த்த எவரும் ஏமாறவில்லை. செய்கை படத்தின் மேலேயே எழுதியிருந்தது. கிளாரிட்டி 60இல் நிற்கும் படமோ, அன்று காலை அப்படித்தான் இருந்தது என்று சாதிக்கிறது.

மலையை விட்டு மனிதருக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 1994 ஜூனில் டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தைக் கருமையேற்றி அட்டையில் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் மாற்றாமல் போட்டிருந்ததால் கடைத்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வித்தியாசம் அம்பலமாயிற்று. முகத்தை வெட்டி ஒட்டவில்லை. மாற்றத்தில் முக்கியமானது ஒளிதான். கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்தில் துலக்கத்தை ஏற்றும்போதும் இதுதான் நடக்கிறது. சுருக்கங்கள் வாய்க்கால்களாகின்றன, தோல் கரடாகிறது, நாற்பது வயதுக்காரி அறுபதைத் தொடுகிறார். துயரத்தைக் காட்டுகிறோம் என்று படமெடுத்தவர் நம்பலாம். அந்தத் துயரத்தில் எவ்வளவு தோட்டத்துச் சம்பளத்திலிருந்து வந்தது, எவ்வளவு மென்பொருளிலிருந்து வந்தது என்று பார்ப்பவர் எப்படிப் பிரிப்பார்? உடனே எதிர்க்கேள்வி வரும்: மூட்டத்தை அப்படியே விடச் சொல்வது உல்லாசப் பயணிகளின் ரசனை, அது தொழிலாளர் வாழும் லயத்தை மறைக்கிறது. இதற்கும் இடம் இருக்கிறது. படங்களின் மங்கலான மென்மையால் பேர்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கோப்பித் தோட்டக் குடும்பம். தமிழ்த் தொழிலாளரை அவர் படமெடுத்தார். படங்களில் பலரின் பெயர் நம்மை வந்து சேரவில்லை. 1879இல் மலைநாட்டிலேயே இறந்தார். மங்கலும் பொய் சொல்லும். ஆகவே மூட்டம் நல்லது, துலக்கம் கெட்டது என்பது என் கட்சி இல்லை. லயத்துக் கூரை மூட்டத்தில் மறைகிறதா? கிட்டப் போய் எடுக்கலாமே. பொத்தானை இழுப்பதைவிட நடப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

நான் கேட்பது இவ்வளவே: அந்த மூட்டம் எங்கே இருக்கிறது? மலையில் இருந்தால் விட்டுவிடலாம். லென்சின் கைரேகையிலோ ஸ்கேனரின் கண்ணாடியிலோ வெளிறிய தாளிலோ இருந்தால் தாராளமாக நீக்கலாம். மலையகத் தமிழரை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியக் கடவுச்சீட்டுக்காக ஸ்டூடியோவில் விறைத்து நின்று எடுத்த படங்கள் மலையகத்திலும் கடல் கடந்தும் பல குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடும். போன மாமா, நின்ற அத்தை என்று பிரிந்த குடும்பத்தின் இரு பாதிகளும் அவற்றில்தான் எஞ்சியிருக்கலாம். அங்கே கொன்ட்ராஸ்ட்டை ஏற்றி ஒரு மூக்குத்தியையோ புருவத்தையோ மீட்பதில் தயங்க ஒன்றுமில்லை. எடுத்த அன்று அது தெளிவாகவே இருந்தது. ஆனால் பன்விலப் பக்கத்து லயமொன்றின் சுவரில் மாட்டிய படத்தை எடுத்தால் என் கணக்கும் சற்றுத் தடுமாறுகிறது. மலையின் ஈரம் கதவிடுக்கால் நுழைந்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் பூஞ்சணமாகப் படிந்திருக்கும். வெளியே நின்ற மூட்டம் உள்ளே வந்து படத்திலேயே உட்கார்ந்துகொண்டது. முகத்தின் மேல் உள்ளதை நீக்குவேன். ஓரத்தில், தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவே, முகத்தைத் தொடாமல் பரவியிருக்கும் அந்த வெண்படலத்தை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.